அம்மாவின் எச்பிஏ1சி 8.4-லிருந்து 7.3 ஆனது: குறைத்தது எது?

தாமிரபரணி_கரை

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 61. சுகர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 1000 சாப்பிடுகிறார். ஜனவரி கடைசியில் எடுத்த மூன்று மாத சுகர், அதாவது எச்பிஏ1சி, 8.4 வந்தது. அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 8.9. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். சுகர் மாத்திரையை மாற்றவில்லை. மூன்று மாதம் சாப்பாட்டில் கவனமாக இருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

அந்த வாரமே மாமா ஒரு டப்பா கொண்டு வந்தார். சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்காய் சேர்ந்த மாத்திரை. மாதத்துக்கு 1,800 ரூபாய். அம்மா அதையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஏப்ரல் கடைசியில் மறுபடி எடுத்தோம். 7.3.

வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். மாமா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். நான்கு பேர் அந்த மாத்திரையைக் கேட்கிறார்கள். அதில் ஒருவர் என் அத்தை, இன்சுலின் போட்டுக்கொள்பவர். இன்சுலினை விட்டுவிட்டு இதைச் சாப்பிடலாமா என்று நேற்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அம்மாவுக்குச் சுகரைக் குறைத்தது அந்த மாத்திரைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மண்வாசனை

தம்பி, நல்ல செய்தி. சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்றே பெயர். அந்த இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் வைத்துப் பாருங்கள், மணல் மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. அதில் உள்ள ஜிம்னிமிக் அமிலம்தான் அப்படிச் செய்கிறது. பாட்டன் காலத்து மருந்து. 8.4 எங்கே, 7.3 எங்கே? ரிப்போர்ட்டே சொல்லும்போது சந்தேகம் ஏன்? ஆனால் ஒன்று, அத்தை இன்சுலினை நிறுத்தக் கூடாது. அதில் எனக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

நுண்ணோக்கி

நான் இருபத்திரண்டு வருடமாக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். முதலில் அத்தைக்குச் சொல்லுங்கள்: இன்சுலினை அவராக ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மற்றதை எல்லாம் நிதானமாகப் பேசலாம்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஏப்ரலில் ஹீமோகுளோபின் எவ்வளவு? ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும் சோதனை) பார்த்தார்களா? வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதா, இருந்தால் குறித்து வைத்திருக்கிறீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், எச்பிஏ1சி நேரடியாகச் சர்க்கரையை அளப்பதில்லை. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளக்கிறோம். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். பழைய அணுவில் அதிகம் ஒட்டியிருக்கும், புதிய அணுவில் குறைவாக இருக்கும். இரும்புச்சத்து இல்லாத ரத்த சோகையில் புது அணுக்கள் உருவாவது குறைந்து, பழைய அணுக்களின் பங்கு கூடிவிடும். அதனால் உண்மையான சர்க்கரையைவிட எச்பிஏ1சி ஏறித் தெரியலாம். இரும்பு மாத்திரை கொடுத்ததும் எலும்பு மஜ்ஜை புது அணுக்களைக் கொட்டும். அப்போது ரத்தச் சர்க்கரை ஒரு புள்ளிகூடக் குறையாமலே எச்பிஏ1சி இறங்கும்.

உங்கள் அம்மாவுக்கு இதுதான் நடந்தது என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு மாத்திரை தொடங்கியிருக்கிறார். பாராட்டு ஒன்றுக்கு மட்டும் போயிருக்கிறது.

தாமிரபரணி_கரை

அக்கா, ரொம்ப நன்றி. ஏப்ரலில் ஹீமோகுளோபின் 11.6. ஃபெரிட்டின் ஜனவரியில் 6, அதற்கப்புறம் எடுக்கவில்லை.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. அம்மா வாரம் இரண்டு நாள் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்ப்பார். மாதக் காலண்டர் கட்டத்தில் பென்சிலால் எழுதிவைப்பார். இப்போதுதான் ஆணியிலிருந்து எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். ஜனவரியில் வெறும் வயிற்றில் 148, 155, 160, 151. சாப்பிட்ட பிறகு 210 முதல் 230 வரை. ஏப்ரலில் வெறும் வயிற்றில் 150, 146, 158, 153. சாப்பிட்ட பிறகு 205 முதல் 225.

எழுதும்போதே கை நடுங்குகிறது. ஒன்றுமே மாறவில்லையே!

பாலக்கரை_ஆசிரியர்

ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். எனக்கும் பதினான்கு வருடமாகச் சுகர். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

எச்பிஏ1சியைச் சராசரிச் சர்க்கரையாக மாற்ற ஒரு சூத்திரம் 2008-இல் வந்தது: 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழிக்க வேண்டும். 8.4 என்றால் சராசரி 194. 7.3 என்றால் 163. ரிப்போர்ட்டின்படி சராசரி 31 புள்ளி இறங்கியிருக்க வேண்டும். காலண்டரில் இரண்டிலிருந்து ஐந்து புள்ளிதான் நகர்ந்திருக்கிறது. வாரத்துக்கு நான்கு குத்து என்பது முழுப் படம் ஆகாது, இரவு நேரம் அதில் இல்லை. ஆனாலும் 31 புள்ளி இறக்கம் காலையிலும் தெரியாமல், சாப்பிட்ட பிறகும் தெரியாமல் ஒளிந்திருப்பது கடினம்.

அடுத்த கேள்வி, இந்த 1.1 வெறும் அளவீட்டு ஆட்டமாக இருக்குமா? எந்த ரத்தச் சோதனைக்கும் இரண்டு வகை ஆட்டம் உண்டு. ஒன்று உடம்புக்குள்ளேயே நாளுக்கு நாள் நடப்பது. இன்னொன்று கருவியுடையது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2.77-ஆல் பெருக்கினால் வருவதைவிடப் பெரிய வித்தியாசம் இருந்தால்தான் உண்மையில் ஏதோ மாறியிருக்கிறது என்று நம்பலாம். எச்பிஏ1சிக்கு உடம்பின் ஆட்டம் ஒன்றரை சதவீதம், கருவியின் ஆட்டம் இரண்டரை சதவீதம் என்று வைத்தால் விடை ஏறக்குறைய 8 சதவீதம். 8.4-இல் அது 0.7. உங்கள் அம்மாவுக்கு 1.1 இறங்கியிருக்கிறது. ஆகவே இது வெறும் ஆட்டம் அல்ல, ஏதோ நிஜமாகவே மாறியிருக்கிறது. மாறியது சர்க்கரையா, சிவப்பணுவா என்பதுதான் கேள்வி.

இதே கணக்கை எல்.டி.எல். கொழுப்புக்குப் போட்டால் 24 சதவீதம் வரை வரும். தைராய்டு டிஎஸ்எச்சுக்கு (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் எண்) 50 சதவீதம்! 4.2 இருந்த டிஎஸ்எச் 5.8 ஆனதும் பதறி வருகிறவர்களை இந்தக் குழுவில் வாரம் ஒருவராவது பார்க்கிறோம். மாத்திரையே மாறாமல், மனிதரும் மாறாமல், இரண்டு காலையில் எடுத்த ரத்தத்துக்குள் அவ்வளவு வித்தியாசம் வரலாம்.

இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். ஜனவரிச் சோதனைக்கு முந்தைய மாதங்களில் மார்கழிக் கோயில் பொங்கல், தைப்பொங்கல் எல்லாம் இருந்தன. எச்பிஏ1சியில் ஏறக்குறைய பாதி கடைசி ஒரு மாதத்தின் பங்கு. எண் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது மருந்தைத் தேடுகிறோம். உச்சத்தில் இருப்பது தானாகவே சற்று இறங்கும்.

கொடிமுல்லை

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது பயன்படும்.

எனக்குத் தைராய்டு குறைவு. பதினொரு வருடமாக 75 மைக்ரோகிராம் மாத்திரை. டிஎஸ்எச் எப்போதும் மூன்றை ஒட்டியே வரும். ஒரு தடவை 0.05 என்று வந்தது, கூடவே டி4 என்ற தைராய்டு ஹார்மோன் மேலே. மாத்திரை அதிகமாகிவிட்டது என்று டோஸைப் பாதியாகக் குறைத்தார்கள். இரண்டு மாதத்தில் படி ஏற முடியவில்லை, முகமெல்லாம் வீக்கம், மலச்சிக்கல். மறுபடி டெஸ்ட் எடுத்தால் அப்போதும் டிஎஸ்எச் குறைவு என்றே வருகிறது! உடம்பு ஒன்று சொல்கிறது, தாள் இன்னொன்று சொல்கிறது.

வேறொரு லேபில் ரத்தம் எடுத்த பெண் கேட்டாள்: "அக்கா, முடி கொட்டுதுன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" ஆமாம், பயோட்டின் என்ற வைட்டமின், 10,000 மைக்ரோகிராம். அதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னாள். வந்த டிஎஸ்எச் 14. பாதி டோஸில் இரண்டு மாதம் இருந்ததற்குச் சரியான எண் அதுதான். டோஸைப் பழையபடி ஏற்றினார்கள், இப்போது நன்றாக இருக்கிறேன். அந்தப் பெண்ணை என் வீட்டுப் பெண்ணாகவே நினைக்கிறேன்.

நுண்ணோக்கி

கொடிமுல்லை, இதை எழுதியதற்கு நன்றி. இது ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன். பல கருவிகளில் ஹார்மோனைப் பிடித்து இழுக்க பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் கொக்கி வளையம் மாதிரி பயன்படுத்துகிறோம். ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் வளையம் எல்லாவற்றையும் அது அடைத்துக்கொள்ளும். டிஎஸ்எச் மாதிரி சோதனைகள் பொய்யாகக் குறையும். டி4, டி3 சோதனைகள் வேறு முறையில் நடப்பதால் பொய்யாக ஏறும். இரண்டும் சேர்ந்தால் அச்சு அசலாகத் தைராய்டு அதிகம் சுரப்பது போலவே தெரியும்.

ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவையான பயோட்டின் 30 மைக்ரோகிராம். முடிக்கு விற்கும் மாத்திரையில் 5,000, 10,000. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் சோதனை பயோட்டினால் பொய்யாகக் குறைந்து, ஒருவர் இறந்ததாக அவர்களுக்குத் தகவல் வந்திருந்தது. சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதிக டோஸ் என்றால் இன்னும் முன்பாக. எல்லாக் கருவியும் இந்த முறையில் இயங்குவதில்லை, ஆனால் உங்கள் லேபில் எது என்று உங்களுக்குத் தெரியாது.

ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் சுகர், பிரஷர் மாத்திரையைச் சொல்வார்கள். சத்து மாத்திரையைச் சொல்ல மாட்டார்கள். அதை மருந்தாகவே நினைப்பதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

யாழ்_நிலா

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம் இருக்கு. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும்) இரண்டு வருடமாக 1.6-இலேயே நின்றது. போன மாதம் சிறுநீர்த் தொற்றுக்கு கோ-ட்ரைமாக்சசோல் ஒரு கிழமை குடித்தவர். நடுவில் பார்த்தபோது 2.0. நாங்கள் பயந்து போனோம். மருந்து முடிந்து பத்து நாளால் திரும்ப 1.6. உண்மையில் சிறுநீரகம் பழுதாகித் திருந்தியதா?

மருந்துச்சீட்டு

நான் மருந்தாளுநர். யாழ்_நிலா, அந்த மருந்தில் இருக்கும் ட்ரைமெத்தோப்ரிம், சிறுநீரகக் குழாய் வழியாகக் கிரியாட்டினின் வெளியேறுவதை மட்டும் தடுக்கும். வடிகட்டும் வேலை அப்படியே இருக்கும், ரத்தத்தில் கிரியாட்டினின் எண் ஏறும். உங்கள் அப்பாவுக்கு மருந்து நின்றதும் பழைய எண்ணுக்கே வந்தது இதற்குப் பொருந்துகிறது. உடற்பயிற்சிக்காரர்கள் சாப்பிடும் கிரியாட்டின் பொடியும், சோதனைக்கு முந்தின இரவு சாப்பிட்ட ஆட்டிறைச்சியும்கூட இந்த எண்ணை ஏற்றும். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற சோதனை உதவும். அது இறைச்சியையோ தசையையோ பெரிதாகச் சார்ந்ததில்லை.

ஆனால் இதை வைத்து "வெறும் எண்தானே" என்று இருந்துவிடாதீர்கள். அதே ட்ரைமெத்தோப்ரிம் பொட்டாசியத்தை நிஜமாகவே ஏற்றும். சிறுநீரக நோயாளிக்கு அது இதயத்தைப் பாதிக்கும் ஆபத்து. அடுத்த முறை அந்த மருந்து எழுதினால் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள்.

யாழ்_நிலா

நன்றி அண்ணா. பொட்டாசியம் பற்றி ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அப்பாவின் கொப்பியில் எழுதி வைத்துவிட்டேன்.

மண்வாசனை

எல்லாம் சரி, ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. எல்லோரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். என் அப்பாவுக்கு 74 வயது. இந்த மாதிரி மூலிகை சாப்பிட ஆரம்பித்த பிறகு வயலுக்கு நடந்து போகிறார், முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. அதை எந்தக் கருவி அளக்கும்? எண் எப்படி வந்தாலும் மனிதர் நன்றாக இருந்தால் அது போதாதா?

பாலக்கரை_ஆசிரியர்

ஐயா, உங்கள் அப்பா வயலுக்கு நடப்பதுதான் பெரிய அளவீடு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நோயாளி எப்படி உணர்கிறார் என்பதையும் எண்ணைப் போலவே கவனமாக அளக்க முடியும். லண்டனில் இம்பீரியல் கல்லூரியில் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்புக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை உடம்புவலி தருகிறது என்று நிறுத்திவிட்ட 60 பேரை அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் 12 மாதத்துக்கு 12 பாட்டில். நான்கில் நிஜ மாத்திரை, நான்கில் மருந்தில்லாத மாத்திரை, நான்கு காலி. எது நிஜம், எது வெறும் மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் செல்பேசியில் உபாதைக்கு 100-க்கு மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதத்தில் சராசரி 8. நிஜ மாத்திரை மாதத்தில் 16.3. மருந்தில்லாத மாத்திரை மாதத்தில் 15.4!

அவர்களுடைய வலி பொய் இல்லை. வலித்தது உண்மை. மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பிலிருந்தே அதில் பெரும்பகுதி வந்திருக்கிறது. தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். கெடுதல் அப்படி வரும் என்றால் நன்மையும் அப்படி வரலாம். உங்கள் அப்பாவுக்கு மூலிகை உதவியதா, அதைத் தந்த உங்கள் கைப்பக்குவமும் கவனிப்பும் உதவியதா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் வயலில் நடக்கிறாரே, அதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன்.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர், நான்கு குழு. மூன்று வருடத்தில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்ட குழுவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திய குழுவில் 39.3. மெட்ஃபார்மின் குழுவில் 40.5. இரண்டும் சேர்ந்ததில் 39.5. இந்த எண்களில் என்னை உலுக்கியது வேறு. அறிவுரை தவிர ஒன்றும் தராத குழுவிலேயே நூற்றுக்கு 45 பேருக்கு நோய் வரவில்லை. அந்த 45 பேருக்கும் யாராவது ஒரு பொடியைக் கொடுத்திருந்தால் 45 சாட்சிகள் கிடைத்திருப்பார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லியிருக்க மாட்டார்.

மண்வாசனை

அந்த 45 பேர் கணக்கை நான் யோசித்ததே இல்லை சார். இரண்டு தடவை படித்தேன்.

மருந்துச்சீட்டு

எண் குறைந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எந்த எண் என்பது முக்கியம்.

டார்செட்ராபிப் என்று ஒரு மருந்து வந்தது. நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல்.லை 72 சதவீதம் ஏற்றியது, கெட்ட கொழுப்பை 25 சதவீதம் இறக்கியது. ரிப்போர்ட்டில் இதைவிட அழகான எண் யாரும் பார்த்ததில்லை. 15,067 பேரை வைத்து நடந்த சோதனையை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து சாப்பிட்ட குழுவில் 93 பேர் இறந்தார்கள், மற்றதில் 59. அதே மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றிக்கொண்டிருந்தது.

ரத்தத்தில் இருக்கும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கதையும் அப்படித்தான். அது அதிகமானால் மாரடைப்பு வருகிறது என்று பார்த்தார்கள். ஃபோலிக் அமிலம், பி6, பி12 கொடுத்தால் அது அருமையாக இறங்கும். 5,522 பேரிடம் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்து 2006-இல் முடிவு வந்தது. ஹோமோசிஸ்டீன் இறங்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் இதயச் சாவும் சேர்ந்த மொத்தக் கணக்கு இறங்கவில்லை.

எச்பிஏ1சி அப்படிப்பட்ட எண் இல்லை. இங்கிலாந்தில் 3,867 பேரிடம் பத்து வருடம் பார்த்து 1998-இல் வெளியான ஆய்வில் 7.9-க்குப் பதில் 7.0-இல் வைத்திருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்நாளப் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது. அந்த எண் நம்பிக்கையைச் சம்பாதித்திருக்கிறது. ஆனால் அங்கே இறங்கியது சர்க்கரை. சிவப்பணு இளமையானதால் இறங்கும் எண்ணுக்குக் கண்ணைக் காப்பாற்றத் தெரியாது.

இழை தொடங்கிய தம்பி, அம்மாவுக்குக் கால் எரிச்சல் ஏதாவது உண்டா? ஒன்பது வருட மெட்ஃபார்மின் என்பதால் கேட்கிறேன்.

தாமிரபரணி_கரை

உண்டு சார். ராத்திரி பாதம் எரிகிறது என்று ஈரத்துணி போட்டுக்கொள்வார். பக்கத்துத் தெரு மெடிக்கலில் சொல்லி மாதம் ஒரு பி12 ஊசி போட்டுக்கொள்கிறார். மார்ச்சில் பி12 பார்த்தோம், 2000-க்கு மேல் என்று வந்தது. அப்போ பி12 குறைவு இல்லை என்று விட்டுவிட்டோம்.

மருந்துச்சீட்டு

ஊசி போட்டவருக்கு ரத்தத்தில் பி12 பார்த்தால், ஊசி போட்டார் என்பது மட்டும்தான் தெரியும். போடுவதற்கு முன் எவ்வளவு இருந்தது, நரம்புக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அந்த எண் சொல்லாது.

மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். நெதர்லாந்தில் இன்சுலின் போடும் 390 பேரிடம் நான்கு வருடத்துக்கு மேல் பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது. மெட்ஃபார்மின் குழுவில் பி12 மற்றதைவிட 19 சதவீதம் குறைந்தது. அதற்காக மெட்ஃபார்மினை யாரும் நிறுத்த வேண்டாம். ஊசியோ மாத்திரையோ தொடங்கும் முன் ஒரு முறை அளந்து வையுங்கள் என்பதுதான் விஷயம். உங்கள் அம்மா விஷயத்தில் அந்தத் தருணம் போய்விட்டது. மீதில்மலோனிக் அமிலம் என்ற சோதனை திசுக்களின் நிலையை ஓரளவு காட்டும், சிறுநீரகம் பழுதாக இருந்தால் அதுவும் தவறாக ஏறும். கால் எரிச்சல் சர்க்கரையாலேயே வந்ததாகவும் இருக்கலாம். டாக்டரிடம் ஊசி விவரத்தைத் தேதியோடு சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

தம்பி, நான் நேற்றிலிருந்து ஒன்றை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சிறுகுறிஞ்சானைப் பற்றி இவ்வளவு பேசினோம். அம்மாவுக்கு வயது 61. மாதவிடாய் நின்று எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். ஃபெரிட்டின் 6. அந்த இரும்பு எங்கே போகிறது?

இந்த வயதில் இரும்பு இவ்வளவு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மாத்திரை கொடுத்து ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். கசிவு உள்ளே தொடரும். மூட்டுவலிக்கு, வயிற்றைப் புண்ணாக்கும் வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, கேட்டுப் பாருங்கள். உங்களிடம் சொல்லாமல்கூடச் சாப்பிடலாம்.

சர்க்கரைக்கு ஃப்ரக்டோசமின் என்று ஒரு சோதனை இருக்கிறது. ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும், கடைசி இரண்டு மூன்று வாரத்தைக் காட்டும், சிவப்பணுவைச் சாராது. ரத்தத்தின் முக்கியப் புரதமான அல்புமின் சரியாக இருந்தால் நம்பலாம். டாக்டரிடம் கேளுங்கள். இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

தாமிரபரணி_கரை

கேட்டேன் அக்கா. முதலில் இல்லை என்றார். அப்புறம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். டைக்ளோஃபெனாக். முட்டிவலிக்கு ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் ஒன்று, சில நாள் இரண்டு. "உனக்கு எதுக்குக் கவலைன்னு சொல்லலை" என்றார். நாளைக்கே டாக்டரிடம் போகிறோம்.

கொடிமுல்லை

அம்மாவைத் திட்டாதீர்கள் தம்பி. நாங்கள் எல்லோரும் அப்படி ஒரு அட்டையை எங்கேயாவது வைத்திருப்போம்.

தாமிரபரணி_கரை (ஏழு வாரம் கழித்து)

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். இரைப்பையில் புண், கசிவு இருந்தது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் கெட்டது எதுவும் இல்லை. அந்தச் செய்தி வரும்வரை நான்கு நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரைப்பைப் புண் தரும் ஹெச். பைலோரி கிருமியும் இருந்தது, அதற்கு மருந்து முடிந்துவிட்டது. டைக்ளோஃபெனாக் நின்றுவிட்டது. முட்டிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அரைகுறையாகச் செய்கிறார்.

ஃப்ரக்டோசமின் எடுத்தோம். நன்றாகவே அதிகமாக இருந்தது, அல்புமின் சரியாக இருந்தது. டாக்டர் காலண்டரை வாங்கி ஐந்து நிமிடம் பார்த்தார். இந்த எண்கள்தான் உண்மை, 7.3-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்று சொல்லி இன்னொரு சுகர் மாத்திரை சேர்த்தார். இனி ஹீமோகுளோபின் ஒரே நிலையில் மூன்று மாதம் நின்ற பிறகுதான் எச்பிஏ1சி எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதே லேப், அதே நேரம்.

மூலிகை மாத்திரை என்ன செய்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஒன்றுமே செய்யவில்லை என்று என்னால் சொல்ல முடியாது, காலண்டரில் தெரியும் அளவுக்குச் செய்யவில்லை என்று மட்டும் சொல்வேன். டாக்டரிடம் காட்டி நிறுத்திவிட்டோம். மாமா வருத்தப்பட்டார். அவர் அம்மாவின் தம்பி, அன்பில் கொடுத்ததுதான். அவரிடம் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டைக் காட்டினேன். அதை அவரே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, பழைய இரண்டு ரிப்போர்ட்டையும் நம்பி யாரும் மருந்தை மாற்ற வேண்டாம் என்று எழுதினார்.

அத்தை இன்சுலினைத் தொடர்கிறார்.

மண்வாசனை

அம்மா நலமாக இருக்கட்டும் தம்பி. நான் என் அப்பாவின் சத்து மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த வாரம் டாக்டரிடம் எடுத்துப் போகிறேன். ஏழு டப்பா இருக்கிறது. ஒன்றில் பயோட்டின் என்று எழுதியிருக்கிறது.

நுண்ணோக்கி

எவ்வளவு மைக்ரோகிராம் என்று பார்த்துச் சொல்லுங்கள் ஐயா. அப்பாவுக்குத் தைராய்டு டெஸ்ட் ஏதாவது இந்த மாதம் இருக்கிறதா?